பேரன் வளர்த்த பாம்பு



‘பாம்பென்றால் படையும் நடுங்கும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. படையே நடுங்கும் என்றால், 34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி பிடித்துப் பழகிய ஒரு கிழவன் நடுங்கியதில் வியப்பென்ன இருக்கிறது? நான் நடுங்கியது காட்டிலும் அன்று, வயல் வரப்பிலும் அன்று. அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் தலைநகரான ராலேயில், என் சொந்த மகளின் வீட்டுக்குள்ளே நடுங்கினேன். அந்த நடுக்கம் எப்படித் தொடங்கியது, எப்படித் தீர்ந்தது, அதற்கிடையே ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் கற்றுக்கொண்ட பாடம் யாது என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நான் என் மகள் வீட்டிற்குச் சென்றேன். போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை என் பேரன் அருகில் வந்து அமர்ந்தான்.

“தாத்தா, எனக்கு ஒரு பாம்பு வேண்டும். ‘தாத்தா சரியென்று சொன்னால் எனக்கும் சம்மதம்’ என்று அம்மா சொல்லிவிட்டாள்” என்றான்.

தகப்பன் மறுத்துவிடுவான் என்ற நம்பிக்கையில் என் மகள் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறாள்! மறுத்திருப்பேன். ஆனால், ஒரு மாணவன் ஒன்றை விரும்பிக் கேட்கும்போது உடனே ‘கூடாது’ என்று சொல்லிவிட்டால் அவன் கேட்பதையே நிறுத்திவிடுவான் என்பது நான் தொழிலில் கண்ட உண்மை. ஆகையால் மூன்று கேள்விகளைக் கேட்டேன். “அது எந்தப் பாம்பு? அதற்கு என்னென்ன வேண்டும்? அது எத்தனை ஆண்டு உயிர் வாழும்? இவற்றுக்கு ஒரு குறிப்பேட்டில் விடை எழுதிக்கொண்டு வா. பிறகு பேசுவோம்” என்றேன். இரண்டு நாளில் ஆசை அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. மூன்று வாரம் கழித்து, நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை என் மடியில் கொண்டுவந்து வைத்தான்.

அவன் விரும்பியது ‘கார்ன் ஸ்நேக்’ என்று அந்நாட்டார் அழைக்கும் பாம்பு. மக்காச்சோளப் பாம்பு என்று நாம் சொல்லலாம். வடக்கே நியூ ஜெர்சி முதல் தெற்கே புளோரிடா வரையிலும், மேற்கே லூசியானா வரையிலும் பரவியுள்ள அமெரிக்கத் தென்கிழக்குப் பகுதியே அதன் தாயகம். நஞ்சு இல்லாதது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்குவது. ஆரஞ்சும் பழுப்பும் கலந்த உடலில், கருங்கரையிட்ட செந்நிறத் திட்டுகள் வரிசையாக இருக்கும். வயிற்றுப் பக்கத்தைத் திருப்பினால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருக்கும். பல நிற மணிகள் பதிந்த மக்காச்சோளக் கதிரை இந்தக் கட்டங்கள் நினைவூட்டுவதால் அப்பெயர் வந்தது என்பர் சிலர். சோளக் களஞ்சியங்களில் எலி தேடித் திரிவதால் வந்தது என்பர் வேறு சிலர். ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1766ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது ‘குட்டாட்டஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தார். இலத்தீன் மொழியில் ‘புள்ளிகள் உடையது’ என்று அதற்குப் பொருள்.

முட்டையிலிருந்து வெளிவரும்போது ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமும் பென்சில் பருமனும் இருக்கும் இக்குஞ்சு, வளர்ந்தபின் நான்கு அடி, ஐந்து அடி, சில வேளைகளில் ஆறு அடி வரை நீளும். மூன்றாவது கேள்விக்கான விடையைப் பேரன் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு இட்டிருந்தான்: ‘நன்றாகப் பேணினால் இருபது ஆண்டுகள்.’

“உனக்கு இப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பாம்பு கிழமாகும்போது உனக்கு எத்தனை வயது?” என்றேன்.

“முப்பத்திரண்டு” என்றான்.

“கல்லூரிக்குப் போவாய், வேலைக்குப் போவாய், கல்யாணம்கூட ஆகியிருக்கும். அப்போதும் அது உன் பொறுப்புதானே?”

அவன் சற்று நேரம் யோசித்தான். பிறகு, “ஆமாம் தாத்தா, என் பொறுப்புதான்” என்றான். யோசித்துச் சொன்ன ‘ஆமாம்’ ஆனதால் நானும் சம்மதித்தேன்.

இனி, அவன் செய்த முன்னேற்பாடுகளைக் கேளுங்கள். விருந்தாளி வந்தபிறகு வீட்டைப் பெருக்குவது முறையன்று அல்லவா? பாம்பு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அதன் வீடு தயாராயிற்று. அது ஒரு கண்ணாடிப் பெட்டி. பாம்பு வளர வளர, அது உடலை முழுவதும் நீட்டிக் கிடக்கும் அளவுக்குப் பெட்டியும் பெரிதாக வேண்டும். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் என்பது வளர்ந்த பாம்புக்கு உரிய அளவு. மூடிக்குப் பூட்டு அவசியம். பாம்பைப்போல் தப்பிச் செல்லும் கலையில் வல்ல பிராணி வேறில்லை. தலை நுழையும் இடுக்கு இருந்தால் உடல் முழுவதும் வெளியேறிவிடும். அடியில் ஆஸ்பென் என்னும் மரத்தின் சீவலைப் பரப்பினான். தேவதாரு இனத்து மரச் சீவல் ஆகாது. அதன் நெடியிலுள்ள எண்ணெய்ப் பொருள் பாம்புக்குத் தீங்கு செய்யும்.

அடுத்தது வெப்பம். நீங்களும் நானும் உண்ணும் உணவைக்கொண்டு நம் உடற்சூட்டை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். பாம்பு அவ்வாறு செய்ய இயலாது. வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி இருந்தே அது தன் உடற்சூட்டைச் சரிப்படுத்திக்கொள்ளும். ஆகையால் பெட்டி முழுவதும் ஒரே வெப்பமாக இருக்கக் கூடாது. ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியஸ் அளவிலும், மறு பக்கம் 23 அல்லது 24 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். வெப்பப் பக்கத்தின் அடியில், மின்சாரத்தால் சூடேறும் விரிப்பு ஒன்றை வைத்தான். அதனுடன் தெர்மோஸ்டாட் என்னும் கருவியையும் இணைத்தான். குறித்த அளவுக்குமேல் சூடு ஏறினால் மின்சாரத்தை அது குறைத்துவிடும். அக்கருவியின்றி விரிப்பை மட்டும் வைத்தால், பாம்பின் வயிறு வெந்து புண்ணாகிவிடும். சூட்டை நாடிப் படுக்கும் பாம்பு, வயிறு வேகும் அளவுக்கு அது ஏறும்போதும் விலகாமல் கிடப்பதுண்டு.

பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள இரண்டு சிறு குகைகளை வைத்தான். “ஒன்று போதாதோ?” என்று கேட்டேன். அவன் சொன்ன விடை என்னைத் தலைநிமிர வைத்தது.

“தாத்தா, குகை ஒரு பக்கம் மட்டும் இருந்தால், பயந்த பாம்பு சூடு வேண்டுமா, ஒளிவிடம் வேண்டுமா என்று இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் குகை இருந்தால் எதையும் விட வேண்டாம்.”

தன்னை ஒரு பாம்பின் நிலையில் வைத்துப் பார்க்கும் ஆற்றல் அச்சிறுவனுக்கு எப்படியோ வந்துவிட்டது. எனக்கு அது வரவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது.

மே மாத நடுவில் பாம்பு வந்தது. காட்டில் பிடித்ததன்று, வளர்ப்பவர் ஒருவரிடம் முந்திய ஆண்டு முட்டையிலிருந்து பொரிந்தது. தானாக இரையெடுத்துப் பழகியது என்பதை உறுதி செய்துகொண்டே வாங்கினான். செந்நிறத் திட்டுகளைக் கண்டு நான் அதற்குப் ‘பவளம்’ என்று பெயரிட்டேன். பேரனுக்கும் அப்பெயர் பிடித்தது.

வந்த முதல் வாரம் அவன் அதைத் தொடவே இல்லை. தண்ணீர் மாற்றுவான், வெப்பமானியைப் பார்ப்பான், குறிப்பேட்டில் எழுதுவான், அவ்வளவே. புதிய இடத்தில் பாம்பு அச்சத்தோடு இருக்கும், அச்சத்தில் இரையெடுக்காது, ஆகவே அதைத் தனியே விடுவதுதான் முதல் உபசாரம் என்றான். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த குழந்தையை முதல் நாளே எழுப்பிக் கேள்வி கேட்டு அழவைத்த ஆசிரியர்களை நான் அறிவேன். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்ததுண்டு.

இரை என்பது எலிக்குஞ்சு. கண் திறவாத, மயிர் முளைக்காத குஞ்சுகளை உறையவைத்து விற்கிறார்கள். என் மகளின் ஃபிரீசரில் இட்லி மாவுக்கு அருகில் எலியை வைக்க அவள் எப்படி இசைவாள்? மருமகன் ஒரு சிறிய குளிர்பெட்டி வாங்கிக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கொடுத்தார். உறைந்த குஞ்சை வெந்நீரில் இறக்கிய மூடிய பையில் வைத்து, உள்ளும் புறமும் பதம் வந்தபின், நீண்ட இடுக்கியால் எடுத்துக் காட்ட வேண்டும். பாம்பின் உடலில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு பருமனுள்ள இரையே போதும். குஞ்சுப் பாம்புக்கு ஐந்து அல்லது ஏழு நாளுக்கு ஒரு முறை. வளர்ந்த பாம்புக்குப் பத்து நாள், பதினான்கு நாளுக்கு ஒரு முறை. உண்டபின் இரண்டு நாளாவது அதைக் கையில் எடுக்கக் கூடாது.

முதல் இரையைப் பவளம் எடுத்தபோது வீடே மூச்சடக்கி நின்றது. இடுக்கியின் முனையைச் சற்று நேரம் பார்த்தது. நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. காற்றிலுள்ள மணத் துகள்களை நாக்கு வாரிக்கொண்டுபோய் வாயின் மேற்கூரையிலுள்ள உறுப்பில் சேர்க்கிறது. பாம்பு நாக்கால் மோப்பம் பிடிக்கிறது என்று சொன்னால் தவறில்லை. பின் மின்னல்போல் பாய்ந்தது. ‘மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன்’ என்று நாம் சொல்வோமே, அதற்குச் சற்றும் குறையாத நிறைவோடு குகைக்குள் சென்று படுத்தது.

இனித்தான், மாணவர்களே, நான் என் தவற்றைச் சொல்ல வேண்டும்.

ஜூன் மாதத் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை பேரன் இரை கொடுத்திருந்தான். புதன்கிழமை நண்பகல் வீட்டில் நான் ஒருவனே இருந்தேன். பவளம் கண்ணாடியோரமாக அங்குமிங்கும் ஊர்ந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. வாரத்திற்கு ஒரு சுண்டுவிரலளவு உணவு! வீட்டுக்கு வந்தவரைப் ‘போதும், போதும்’ என்று சொன்ன பிறகும் விடாமல் இன்னும் இரண்டு கரண்டி சாதம் போட்டுப் பழகிய குடும்பம் எங்களுடையது. பாம்பு பசித்திருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். பின்னாளில் பாம்பு வளர்ந்தபின் பயன்படும் என்று பேரன் வாங்கி வைத்திருந்த பெரிய குஞ்சு ஒன்றை எடுத்து, அவன் செய்ததுபோலவே பதப்படுத்தி, இடுக்கியால் நீட்டினேன். பவளம் கவ்வி விழுங்கிற்று. எனக்கு உண்டான பெருமிதத்தை என்னவென்பேன்! யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பேரனின் அறையிலிருந்து துர்நாற்றம் வந்தது. விழுங்கிய இரை பாதி செரித்த நிலையில் பெட்டியின் நடுவே கிடந்தது. பவளம் ஓர் ஓரத்தில் துவண்டு கிடந்தது. பேரன் வெளுத்த முகத்தோடு குறிப்பேட்டைப் புரட்டினான்.

“ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கொடுத்தேன். சிறியதுதான் கொடுத்தேன். இது எப்படி வந்தது?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டான். வெப்பத்தில் ஏதேனும் தவறோ, தான் எழுதியதில் ஏதேனும் பிழையோ என்று தன்னையே குற்றவாளியாக்கித் தேடினான்.

மாணவர்களே, அந்த ஓர் இமைப்பொழுதில் நான் வாய் திறவாமல் இருந்திருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால், ‘யார் செய்தது? உண்மையைச் சொல்’ என்று 34 ஆண்டுகள் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக் கேட்டவன் நான். இப்போது நிற்க வேண்டியவன் நானாக இருந்தேன்.

“நான்தான் கொடுத்தேன், கண்ணா. புதன்கிழமை. பசித்திருக்கும் என்று நினைத்தேன்” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபிப்பான், அழுவான் என்று எதிர்பார்த்தேன். “எத்தனை பெரியது, தாத்தா? எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டான். நான் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அதைவிடக் கடுமையான தண்டனையை எந்தத் தலைமையாசிரியரும் எனக்கு அளித்திருக்க முடியாது.

ஊர்வனவற்றுக்கு மருத்துவம் செய்யும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினோம். அவர் விளக்கியபோதுதான் என் அன்பு செய்த கேடு விளங்கிற்று. பாம்பு தன் இரையை மெல்லுவதில்லை. மயிரும் எலும்புமாக முழுவதும் விழுங்குகிறது. உடலின் வெளியேயிருந்து பெறும் சூட்டின் துணைகொண்டு, நாள் கணக்கில், சிறிது சிறிதாகச் செரிக்கிறது. முதல் இரை செரிக்குமுன் அதைவிடப் பெரிய இரையைத் திணித்தால், செரிப்பதற்குமுன் அது உள்ளேயே அழுகத் தொடங்கும். உயிரைக் காத்துக்கொள்ளப் பாம்பு அதை வெளியே தள்ளிவிடும். அப்போது செரிமான நீரும் சேர்ந்து வெளியேறும், உணவுக்குழாயும் புண்படும். குஞ்சுப் பாம்பு இவ்வாறு இரண்டு மூன்று முறை கக்கினால் பிழைப்பது அரிது. மருந்து ஒன்றே: பதினான்கு நாள் தண்ணீர் தவிர வேறெதுவும் கொடாமல், தொடாமல், தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவது.

பசிக்கிறதே என்று இரங்கி ஊட்டிய எனக்கு, பதினான்கு நாள் பட்டினி போடுவதே வைத்தியம் என்றால் எப்படியிருக்கும்! ஒவ்வொரு நாளும் நான் அந்தப் பெட்டியருகே போய் நிற்பேன். பேரன் பள்ளி விடுமுறையில் இருந்தான். “தாத்தா, நீங்கள் அருகில் நின்றால் அது பயப்படும்” என்று மெல்லச் சொல்லி என்னை வெளியே அழைத்துப் போவான். நானும் கீழ்ப்படிவேன்.

பதினைந்தாம் நாள் மாலை, வழக்கமான அளவில் பாதியேயுள்ள மிகச் சிறிய குஞ்சு ஒன்றை இடுக்கியால் நீட்டினான். பவளம் அசையவில்லை. குகை வாயிலில் அதை வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காலையில் இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். இரை அங்கே இல்லை. மூன்று நாள் பொறுத்திருந்தோம், கக்கவும் இல்லை. என் மகள் அன்று வீட்டில் பாயசம் வைத்தாள். பாம்புக்காகப் பாயசம் வைத்த வீடு அந்த ஊரில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஜூலை மாதத்தில் பவளத்தின் கண்கள் பால் படர்ந்ததுபோல் நீலம் பூத்தன. குருடாகிவிட்டதோ என்று மறுபடியும் பதறினேன். இம்முறை கையை நீட்டாமல், முதலில் கேட்டேன். “தோலுரிக்கப் போகிறது, தாத்தா” என்றான் பேரன். பாம்புக்கு இமைகள் இல்லை. கண்ணின்மேலும் கண்ணாடிபோன்ற ஒரு செதிலே மூடியிருக்கிறது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஒரு நீர்மம் ஊறும்போது அது மங்கிவிடுகிறது. அந்நாட்களில் பார்வை மங்கிப் பாம்பு எளிதில் மிரளும். ஈரமான பாசி வைத்த சிறு டப்பா ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தான். ஒரு வாரத்தில் மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே துண்டாக, உறையைக் கழற்றியதுபோல், தோல் உரிந்து கிடந்தது. கண்களை மூடிய செதில்களும் அதோடு சேர்ந்து வந்துள்ளனவா என்று பார்த்தபின்பே அவன் அமைதியடைந்தான்.

அதன்பின் ஒருநாள் அதை என் கையில் கொடுத்தான். மேலிருந்து பிடிக்கக் கூடாது. பருந்து அவ்வாறுதான் வரும். பக்கத்திலிருந்து கையை நீட்டி, உடல் முழுவதையும் தாங்கி எடுக்க வேண்டும். வழுவழுப்பாக, குளிர்ச்சியாக இருக்குமென்று நினைத்திருந்தேன். உலர்ந்த பட்டுத் துணிபோல் இருந்தது. என் விரல்களின் சூட்டை நாடி அது ஊர்ந்தது. என் நடுக்கம் அன்றுதான் தீர்ந்தது. தொட்டபின் இருவரும் சவுக்காரம் போட்டுக் கைகழுவினோம். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இத்தகைய பிராணிகளை வளர்க்கலாகாது என்பதும் அதனாலேயே.

ஆகஸ்டில் அண்டை வீட்டுப் பெரியவர் மண்வெட்டியும் கையுமாக நிற்பதைக் கண்டோம். அவர் தோட்டத்தில் ஒரு பாம்பு. காய்ந்த இலைகளில் வாலைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பகுதியில் காப்பர்ஹெட் என்னும் செப்புநிற நச்சுப்பாம்பு மிகுதி. அதுவென்று எண்ணி மக்காச்சோளப் பாம்புகளைக் கொல்வது அங்கே நாள்தோறும் நடக்கும் பிழை. பேரன் தொலைவிலேயே நின்று பார்த்தான். காப்பர்ஹெட்டின் உடலில், முதுகில் குறுகிப் பக்கங்களில் விரிந்த பட்டைகள் இருக்கும். நம் உடுக்கையின் வடிவம் என்று சொல்லலாம். இதன் முதுகிலோ தனித்தனித் திட்டுகள் இருந்தன. ஆயினும் அவன் அதை நெருங்கவில்லை. “எந்தப் பாம்பானாலும் நாம் விலகி நின்றால் அது போய்விடும், ஐயா” என்று அவரிடம் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னான். பத்து நிமிடத்தில் அது வேலி தாண்டிப் போய்விட்டது. பெரியவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். நஞ்சுள்ளதா, இல்லாததா என்று தீர்மானிக்க அருகே போகாதிருப்பதே அறிவுடைமை என்பதை நீங்களும் மறவாதீர்கள்.

மற்றொரு செய்தி. வளர்க்கச் சலித்துப்போனவர்கள் பாம்பைக் காட்டில் விட்டுவிடுவதும் உண்டு. அது இரக்கம்போல் தோன்றும். உண்மையில் இரட்டைக் கொடுமை. தாயகமல்லாத இடத்தில் ஒன்று அது மடியும். அன்றேல் பெருகி அங்குள்ள உயிர்களை அழிக்கும். கரீபியக் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவில் இம்மக்காச்சோளப் பாம்பே இவ்வாறு குடியேறிவிட்டது. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில், வளர்ப்புப் பிராணிகளாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயல் போன்ற சிற்றுயிர்களை ஏறக்குறைய துடைத்துவிட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017ஆம் ஆண்டில் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டு இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும்! காய்ந்த புல்லில் பாம்பு ஊர்ந்த தடத்தைக் கண்டு சொல்லும் அவர்கள் அறிவைக் கண்டு அந்நாட்டு அறிஞர்கள் வியந்தனர். 2023ஆம் ஆண்டில் அவ்விருவருக்கும் நம் அரசு பத்மஸ்ரீ விருது அளித்துப் பெருமை செய்தது.

‘அப்படியானால் நாங்களும் ஒரு சாரைப்பாம்பைப் பிடித்து வளர்க்கலாமா?’ என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். கூடாது. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதற்கோ வீட்டில் அடைத்து வைப்பதற்கோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அங்கே மக்காச்சோளப் பாம்பு செய்யும் பணியை இங்கே நம் சாரை செய்கிறது. வயலில் எலியைத் தின்று உழவனுக்கு உதவுகிறது. அதன் இடம் வயலே. புற்றில் ஊற்றும் பாலும் அதன் உணவன்று. அதன் உணவு இரையே. பாம்பைப் பற்றி அறிய விரும்புவோர் சென்னை கிண்டியில் ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணைக்குச் செல்லுங்கள். மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டில் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் நஞ்செடுப்பதைக் காணுங்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். வீட்டில் பாம்பு வந்தால் தடியை எடுக்காமல், தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ சொல்லி அனுப்புங்கள்.

நாயோ, பூனையோ, கிளிக்கு மாற்றாக ஒரு தொட்டி மீனோ, எதை வளர்க்க நீங்கள் விரும்பினாலும் என் பேரனின் குறிப்பேட்டை நினைவில் கொள்ளுங்கள். அது என்ன, அதற்கு என்ன வேண்டும், அது எத்தனை ஆண்டு வாழும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கேள்விகளைக் கேட்டவன் நான். ஆனால் இரண்டாவது கேள்வியின் விடையைப் படித்துப் பார்க்காமல், எனக்கு எது வேண்டியிருக்கும் என்பதைக்கொண்டு பாம்புக்கு ஊட்டியவனும் நானே. அன்பு என்று நாம் நினைத்துச் செய்வதில் பாதி, நம் மனத்தின் பசியைத் தீர்த்துக்கொள்வதுதான். பிறவுயிரின் பசி வேறு. அதைக் கேட்டும் பார்த்தும் படித்தும்தான் அறிய வேண்டும்.

செப்டம்பரில் நான் ஊர் திரும்பும் நாளன்று பேரன் அந்தக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினான். ஜூன் மாதப் பக்கம். ‘புதன், பகல் 12 மணி: பெரிய குஞ்சு ஒன்று. கொடுத்தவர்: தாத்தா. காரணம்: பாம்பின்மேல் பிரியம்’ என்று எழுதியிருந்தது. இன்றும் வாரந்தோறும் தொலைபேசித் திரையில் பவளத்தைக் காட்டுகிறான். மூன்று அடிக்குமேல் வளர்ந்துவிட்டது. “சாப்பிட்டதா?” என்று நான் கேட்பேன். “நாளைக்குத்தான், தாத்தா” என்பான். சரியென்று சொல்லிவிடுகிறேன்.